பன்னிரண்டுக்குத் திரும்பாத முள்

"ஆரம்பிங்க" என்று டைம் சார் சொன்னதும் மின்னல் காலரை ஊசிக்குக் கீழே தள்ளினாள். மெஷின் சடசடவென்று ஓடியது. குட்டைப் பக்கம், முதல் மூலை, திருப்பு, நீளப் பக்கம், இரண்டாவது மூலை, திருப்பு, மறுபடி குட்டைப் பக்கம், நூலை வெட்டு, கூடையில் போடு. அவள் மூச்சு விடுவதற்குள் டைம் சார், நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்த கைக்கடிகாரத்தின் பொத்தானை அமுக்கினார். முள்ளைப் பார்த்து அட்டையில் எழுதிக்கொண்டார்.

"இருபத்தொண்ணு வினாடி! பிரமாதமா தைக்கறீங்கம்மா. ஆனா சாயங்காலம் எண்ணிப் பாத்தா டார்கெட் வரமாட்டேங்குது. நடுவுல எங்க போயிடறீங்க?"

"எங்கயும் போகல சார். எனக்கே புரியல."

நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. தையல் வரிசையில் முப்பது பேர் இருந்தாலும் மின்னல் என்ற பட்டப்பெயர் அவள் ஒருத்திக்குத்தான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். அப்படிப்பட்டவள் இரண்டு மாதமாக டார்கெட்டைத் தொடவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்திருப்பதை நிறுத்திப் பார்த்தாள், பாத்ரூம் போவதைத் தள்ளிப்போட்டுப் பார்த்தாள், பக்கத்து மெஷின் அக்காவிடம் ஊர்வம்பு பேசுவதைக்கூட விட்டுப் பார்த்தாள். கடைசியாகச் சொன்னதுதான் பெரிய தியாகம். எதற்கும் பலன் இல்லை. கைக்கு வயசாகிவிட்டது என்று முடிவுக்கு வந்து, தினமும் படுக்கும் முன் விரல்களை வெந்நீரில் ஊறப்போட்டாள். இந்த மாசமும் தவறினால் கீழ்த்தளத்தில் நூல் பிசிறு வெட்டும் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை, சம்பளமும் பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே. கீழே இறங்கியவர்கள் யாரும் திரும்ப மேலே ஏறி வந்ததில்லை.

டைம் சாரின் வேலை, ஒரு துண்டு தைக்க எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்து டார்கெட் போடுவது. கம்பெனி கொடுத்த ஸ்டாப்வாட்ச் அவர் மேசை டிராயரில் தூங்கிக்கொண்டிருந்தது. உற்பத்தியைக் கூட்டிக் காட்டியதற்காக முதலாளி எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, கைதட்டச் சொல்லி, தன் கையாலேயே அவருக்கு ஒரு வாட்ச் கட்டிவிட்டிருந்தார். மூன்று குட்டி வட்டங்கள், இரண்டு பொத்தான்கள், சாவி கொடுக்காமலே கை அசைவில் ஓடும் வெளிநாட்டு வாட்ச். அன்றிலிருந்து டைம் சார் இடது கைச் சட்டையை மட்டும் ஒரு மடிப்பு கூடுதலாக மடித்துவிட்டுக்கொள்வார்.

அந்த வாட்ச்தான் அன்று பக்கத்து மெஷின் அக்காவிடம் வந்தபோது மக்கர் பண்ணியது. பொத்தானை அமுக்கினார், முள் நகரவில்லை. கையை உதறினார், ஊதினார், காதில் வைத்துக் கேட்டார், தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் துணிக்கட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். டைம் சார் மின்னல் பக்கம் திரும்பினார்.

"உங்க அண்ணி வாட்ச் ரிப்பேர் கடைதானே வெச்சிருக்காங்க? கைராசிக்காரங்களா?"

அண்ணியின் கடை, கடைவீதிக் கட்டடம் ஒன்றின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. நிமிர்ந்தால் தலையில் இடிக்கும். ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு மேசை விளக்கு, இரண்டு ஸ்டூல், அவ்வளவுதான். வேலை முடிந்ததும் மின்னல் அங்கே போய் உட்கார்ந்து, அண்ணி கடையைக் கட்டியதும் இருவருமாக வீட்டுக்கு நடப்பது வழக்கம். அன்று அவளோடு டைம் சாரும் குனிந்து உள்ளே வந்தார்.

அண்ணி வாட்ச்சை வாங்கி முதலில் உள்ளங்கையில் எடை பார்த்தாள். பிறகு பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காதருகே லேசாக ஆட்டினாள். உள்ளே எதுவோ கரகரவென்று சுற்றியது.

"சார், வினாடி அளக்கற இந்தப் பெரிய முள்ளு எப்பவுமே இப்படித்தான் நிக்குமா? பன்னெண்டுக்கு மூணு கோடு முன்னாடியே?"

"ஆமாம்மா, ஒரு மாசம் ரெண்டு மாசமா அப்படித்தான். புது வாட்ச் பழகப் பழக அப்படி வரும். ஓடறவன் ரெண்டடி பின்னால போயி நின்னு எடுப்பான் பாருங்க, அந்த மாதிரி. வெளிநாட்டு டெக்னிக்."

"ஓஹோ" என்றாள் அண்ணி. மின்னல் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். பூதக்கண்ணாடி மறைத்திருந்ததால் ஒன்றும் பிடிபடவில்லை.

அண்ணி ஒரு ரப்பர் பந்தை வாட்ச்சின் முதுகில் அழுத்தித் திருகினாள். மூடி கழன்றது. உள்ளே பாதி வட்டமாக ஒரு தகடு ஆடியது. அதில்தான் பெரிய வாட்ச் கம்பெனியின் பெயர் பொன் எழுத்தில் பளபளத்தது. இடுக்கி முனையால் அண்ணி அதன் ஓரத்தைத் தொட்டாள். பெயர் இருந்த மெல்லிய ஏடு, பசை விட்டு உயர்ந்தது.

"சார், உள்ள இருக்கற மெஷின் நல்ல மெஷின். ஆனா மேல எழுதியிருக்கற பேருக்கும் இதுக்கும் எந்த ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

டைம் சார் ஸ்டூலில் உட்கார்ந்தார். "டூப்ளிகேட்டா?"

"டூப்ளிகேட்தான். ஆனா கெட்டிக்காரன் பண்ண டூப்ளிகேட். சில இடத்துல அசல் மாதிரி காட்டறதுக்குச் சும்மா வட்டம் வரைஞ்சு விட்டிருப்பாங்க. இதுல எல்லாமே வேலை செய்யுது. சுத்தம் பண்ணி எண்ணெய் விட்டா வருஷக்கணக்கா ஓடும்."

"முதலாளிக்குத் தெரிஞ்சிருக்காதுல்ல? அவரையும் யாரோ ஏமாத்தியிருப்பாங்க."

"இருக்கும் சார்" என்றாள் அண்ணி சட்டென்று. அவர் முகம் அப்படி இருந்தது. அன்று முதலாளி கைதட்டச் சொன்னபோது வேண்டாவெறுப்பாகத் தட்டியது மின்னலுக்கு நினைவு வந்தது. இப்போது டைம் சார்மேல் பாவமாக இருந்தது. தன் டார்கெட்டை ஏற்றியவர்மேல் பாவப்படுவோம் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

"கம்பெனியில மூச்சு விடாதீங்க" என்று மின்னலிடம் சொல்லிவிட்டு, மடித்துவிட்ட சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கிவிட்டுக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் அண்ணி பூதக்கண்ணாடியைக் கழற்றினாள். தோள் குலுங்கச் சிரித்தாள்.

"வெளிநாட்டு டெக்னிக்காம்! ஏன்டி, உனக்கு இன்னும் விளங்கலையா? பொத்தான அமுக்கினா இந்த முள்ளு பன்னெண்டுல இருந்து கிளம்பணும். இது மூணு கோடு பின்னாலேர்ந்து கிளம்புது. நீ தைக்க ஆரம்பிச்சு மூணு வினாடி கழிச்சுத்தான் பன்னெண்டுக்கே வந்து சேருது. அந்த மூணு வினாடி யார் கணக்கு?"

மின்னல் ஸ்டூலை முன்னால் இழுத்துக்கொண்டாள். "அப்ப இருபத்தொண்ணுனு சொன்னாரே..."

"இருபத்துநாலு. ஒவ்வொரு காலருக்கும் மூணு வினாடிய முழுங்கிட்டு டார்கெட் போட்டா, காத்தாலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நீ மின்னலா இல்ல, இடியா இருந்தாலும் எட்டாது."

"அப்ப என் கைக்கு..."

"உன் கைக்கு ஒண்ணும் இல்ல. கோளாறெல்லாம் அவர் கையில."

மின்னலுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பத்து விரல்களையும் முகத்துக்கு நேராக விரித்துப் பார்த்துக்கொண்டாள். அந்த விரல்களை இரண்டு மாதமாக எவ்வளவு திட்டியிருக்கிறாள்! அவற்றிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது.

"வெந்நீர் வெச்சு வெச்சு காஸ் வேற தீந்துபோச்சு. அதையும் அவர் கணக்குல சேத்துடணும்" என்றாள் அண்ணி.

மறுநாள் சாயங்காலம் அண்ணி வாட்ச்சை முழுவதுமாகப் பிரித்தாள். ஒவ்வொரு சக்கரத்தையும் இடுக்கியால் எடுத்து வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்து, தூசி விழாமல் கண்ணாடி டம்ளர்களைக் கவிழ்த்து மூடினாள். ஒரு சக்கரத்தின் பல்லில் மெல்லிய நீல இழை சுற்றிக்கொண்டிருந்தது. அதை உருவி எடுத்து மின்னலின் சுண்டுவிரலில் வைத்தாள்.

"இது என்னனு பாரு."

நீலச் சட்டைத் துணியின் பஞ்சு. இரண்டு மாதமாக அவர்கள் தைப்பது அந்தத் துணியைத்தான். பொத்தானுக்கு அடியில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் இல்லாததால், தையல் கூடத்துக் காற்றில் பறப்பதெல்லாம் உள்ளே குடிபோயிருந்தது.

"பாத்தியா, நீங்க தெச்சதே போயி அவர நிறுத்தியிருக்கு!"

சக்கரங்களைப் பெட்ரோலில் அலசி, ஊதி, ஈரம் போக்கித் திரும்பப் பூட்டினாள். ஊசி முனையில் கண்ணுக்குத் தெரியாத அளவு எண்ணெய் எடுத்து அங்கங்கே தொட்டு வைத்தாள். முள்ளைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்த உள்ளே சுத்தி போல ஒரு துண்டு இருந்தது. அது ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும், இறுக்கமில்லாத முள் அச்சில் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கிப் பின்னால் போயிருந்தது. அண்ணி முள்ளின் துளையை இறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அச்சின்மேல் கொண்டுபோனாள்.

"அண்ணி, ஒரு நிமிஷம்" என்றாள் மின்னல். "பன்னெண்டத் தாண்டி மூணு கோடு அந்தப் பக்கம் வெச்சிடுங்களேன். இத்தனை நாள் அவங்க தின்னாங்க. கொஞ்ச நாள் நாங்களும் திங்கறோம்."

அண்ணியின் இடுக்கி அந்தரத்தில் நின்றது. யோசிக்காமல் இல்லை என்பது தெரிந்தது.

"எனக்கும் ஆசைதான்டி. ஆனா நாளைக்கு இத இன்னொருத்தன்கிட்ட காட்டினா, படிக்குக் கீழ உக்காந்திருக்கறவளுக்கு முள்ளு வெக்கத் தெரியலனு சொல்லுவான். நான் நேரா வெக்கறேன். நீ நேராத் தெச்சாலே போதும், அவங்கள ஜெயிச்சிடுவ."

முள் பன்னிரண்டின்மேல் உட்கார்ந்தது. அண்ணி பொத்தானை அமுக்கினாள், நிறுத்தினாள், திரும்ப விட்டாள். பத்து தடவையும் முள் அதே இடத்தில் வந்து நின்றது.

வாட்ச் திரும்பி வந்த அன்று டைம் சாரின் சட்டைக் கை மறுபடி மேலே ஏறிவிட்டது. டூப்ளிகேட் என்பதை அவரே பாதி மறந்துவிட்டார் போலிருந்தது. வரிசையை முதலிலிருந்து அளந்தார். மின்னலுக்கு இருபத்துநாலு வந்தது. முகம் சுளித்தார். பக்கத்து மெஷின் அக்காவுக்கும் மூன்று கூடியது, அதற்கடுத்தவளுக்கும் மூன்று.

"என்னம்மா இது, எல்லாரும் சேந்து தூங்கறீங்களா?"

மின்னல் எழுந்து நின்றாள். "சார், முள்ளு தப்பான இடத்துல நின்னுக்கிட்டிருந்துச்சு. அண்ணி சரி பண்ணிட்டாங்க. இதுதான் சரியான டைம்."

டைம் சார் வாட்ச்சைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். உதடு அசையக் கணக்குப் போட்டார். மனுஷன் கெட்டவர் இல்லை.

"அப்ப இவ்வளவு நாளா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "இருங்கம்மா. நான் ஆபீஸ்ல சொல்லிட்டு வந்துடறேன். டார்கெட்ட இறக்கித்தானே ஆகணும்."

அவர் அட்டையோடு மாடி ஏறியதும் வரிசையே கலகலத்தது. சாப்பாட்டு நேரத்தில் யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. முள் கதையை மின்னல் சொல்லக் கேட்டு, பக்கத்து மெஷின் அக்கா சாப்பாட்டு டப்பா மூடியை மணிக்கட்டில் வைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, "வெளிநாட்டு டெக்னிக்!" என்று நடந்து காட்டினாள். ஒருத்திக்குப் புரையேறியது. மின்னல் இரண்டு மாதம் கழித்து அன்றுதான் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தாள். பாத்ரூமுக்கும் அவசரமில்லாமல் போய்வந்தாள். கீழ்த்தளத்துக்கு இறங்கும் படிக்கட்டைத் தாண்டி வரும்போது அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மணி அடித்து எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் டைம் சார் இறங்கி வந்தார். காது சிவந்திருந்தது. அட்டையில் காலையில் எழுதியதன்மேல் ஆபீஸில் யாரோ சிவப்பு மையில் குறுக்கே ஒரு பெரிய கோடு போட்டிருந்தார்கள். நேராக மின்னலிடம் வந்தார்.

"மறுபடி ஒரு தடவ பாத்துடலாம்."

"பாருங்க சார், நூறு தடவ பாருங்க" என்றாள் அவள். காலரை எடுத்துச் சரியாக வைத்துக்கொண்டாள். இருபத்துநாலுகூட வேண்டாம், இருபத்துமூன்றிலேயே முடித்துக் காட்டலாம் என்ற உற்சாகம் விரல் நுனியில் துறுதுறுத்தது.

இந்தத் தடவை அவர் கையை நெஞ்சுவரை தூக்கவில்லை. சோர்ந்துபோனவர் மாதிரி, வாட்ச் கட்டிய மணிக்கட்டை மெஷின் பலகையின் ஓரத்தில் ஊன்றிக்கொண்டார். வலது கைக் கட்டைவிரலைப் பொத்தானின்மேல் வைத்தார்.

"ஆரம்பிங்க."

மெஷின் சடசடத்தது. குட்டைப் பக்கத்தில் தையல் ஓடும்போதே அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். கட்டைவிரல் பொத்தானின்மேல்தான் இருந்தது.

"சார், அமுக்கலையே?"

"நீங்க தைங்கம்மா" என்றார், குரலே எழும்பாமல். அவளை அவர் பார்க்கவில்லை.

அவள் தைத்தாள். காலரின் முதல் மூலை திரும்பி முடிந்திருந்தது. மெஷின் விளக்கின் வெளிச்சத்தில் பெரிய முள், பன்னிரண்டின்மேல் இம்மியும் பிசகாமல் நின்றுகொண்டிருந்தது.