பஸ் ரீல்

வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு. அதற்குள் தியேட்டர்மேல் முதல் அடி விழுந்தாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார் ஓனர் செல்வமணி. அதை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டப்போகிற மனிதர், நேரம் காலத்தில் விளையாட மாட்டார்.

மாடியில், ஆபரேட்டர் ரூமில், ஜஸீமாவுக்கு வியர்த்துக் கொட்டியது. அவள் தேடி வந்த படப்பெட்டி, எப்போதோ மழைக்கு இடிந்து விழுந்த கூரைக்கடியில் கிடந்தது. அவளுக்குச் சொந்த ஊர் கடையநல்லூர். சென்னையில் பழைய படச்சுருள்களைக் காப்பாற்றும் லேபில் வேலை. அமெரிக்காவில் டெல்மா என்றொரு கறுப்பினப் பள்ளிக்கூட டீச்சர், பருத்திக் காட்டில் கூலிக்குப் போன தன் சனங்களை வைத்து ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு படம் எடுத்தார். அந்த நாடே இப்போது அதைப் பொக்கிஷம் என்கிறது, ஆனால் கையில் ஒரு பிரதி கிடையாது. மிஞ்சிய ஒன்று சங்கரன்கோவிலில் இந்தத் தியேட்டருக்கு வந்து, 'பருத்திக்காட்டுப் புலி' என்று பேர் மாறி, சண்டைப் படமாக ஓடியிருக்கிறது. படத்தில் புலியும் இல்லை, ஒரு குத்தும் இல்லை. போஸ்டர் அடித்தவனுக்கு அதெல்லாம் கவலையா?

“அண்ணாச்சி, ஒரு மணி நேரம் குடுங்க!”

“ராகு காலத்துல எவனாவது வேலையத் தொடங்குவானா? நான் மண்டபம் கட்டுதேம்மா, மயானம் இல்ல.”

ஜஸீமாவுக்கு ஒரு யோசனை தட்டியது. “தொடங்கத்தான கூடாது? முன்னாடி டிக்கெட் கவுண்டர்ல அடிச்சு இப்பவே தொடங்கிருங்க. இங்கன பெறவு மெதுவா வரட்டும்.”

செல்வமணியின் முகம் மலர்ந்தது. ஜன்னல் வழியே ஜேசிபி டிரைவருக்குக் குரல் கொடுத்தார். “ஏலே லிங்கேஷு, டிக்கெட் கவுண்டர்ல இருந்து ஆரம்பி!”

கீழே வண்டி உறுமியது. மேலே பெட்டி ஒருவழியாக வெளியே வந்தது. திறந்ததுமே வினிகர் நெடி மூக்கைத் தாக்கியது. படச்சுருள் அழுகினால் வரும் நெடி அது. முதல் டப்பாவில் சுருள் முழுக்க ஒட்டிக் கருப்பட்டி வட்டாகக் கிடந்தது. அடுத்ததும் அப்படியே. ஐந்தும் போயிற்று. வீடியோ காலில் டெல்மா தூங்காமல் காத்திருந்தார், எண்பத்தெட்டு வயதில். ஜஸீமா டப்பாக்களை மறுபடியும் எண்ணினாள்.

“ஆறு ரீல் இருக்கணுமே அண்ணாச்சி. நாலாவது எங்க?”

“அதுவா? அது பஸ் ரீலு.” செல்வமணி சிரித்தார். “ரெண்டாவது ஆட்டம் முடியறதுக்குள்ள பனவடலிசத்திரம் கடைசி பஸ்ஸு போயிரும். சனம் பாதியில எந்திரிச்சுப் போயிரும்னு எங்க அய்யா மொத ஆட்டத்துக்கு முந்தியே ஒரு ரீலத் தூக்கிட்டாரு. அதுல சண்ட ஒண்ணும் கெடையாது, பொம்பளைய உக்காந்து பாடிக்கிட்டு இருப்பாளுவ. ஒருத்தரும் கேக்கல. எந்த ஆட்டத்துலயும் அதப் போடவே இல்ல.”

“இப்ப எங்க இருக்கு?”

“அது அப்பமே டிக்கெட் கவுண்டர்...” சொல்லும்போதே அவர் ஜன்னலுக்கு ஓடிக் கீழே எட்டிப் பார்த்தார்.

ஜஸீமா விழுந்தடித்துப் படியிறங்கினாள். அந்த யோசனையைச் சொன்ன நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. “நிறுத்துங்க!” என்று கத்தினாள். ஜேசிபி போடும் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கவுண்டரின் முன்சுவர் ஏற்கெனவே சரிந்திருந்தது. பக்கெட் மறுபடியும் மேலே எழுந்தது. அவள் புழுதிக்குள் புகுந்து நேரே அதன் அடியிலேயே போய் நின்றாள்.

லிங்கேஷ் பதறிப்போய் வண்டியை அணைத்தான். “சாகப் பாத்தியளே, அக்கா!”

கவுண்டரின் பின்பக்க அலமாரியில், செங்கல் விழுந்து நசுங்கிய ஒரு டப்பா இருந்தது. திறந்து மோந்து பார்த்தாள். நெடி இல்லை. மற்றவற்றோடு சேராமல் தனியே கிடந்ததால் அந்த அழுகல் இதற்குத் தொற்றவில்லை. வெயிலுக்கு நேரே சுருளைப் பிடித்தாள். பருத்திக் காட்டு ஓரத்தில் பெண்கள் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கீறல் கிடையாது.

மற்ற ஐந்தும் போனதை மறைக்காமல் சொல்லிவிட்டு, ஃபோனில் இதைக் காட்டினாள். நடுவில் இருப்பது தன் அம்மா என்று சொல்லி டெல்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ கேட்டார்.

“என்ன கேக்காவ?” என்றார் பின்னாலேயே ஓடி வந்திருந்த செல்வமணி.

“இந்தப் பாட்டு உங்க ஊர் சனத்துக்குப் பிடிச்சுதான்னு கேக்காவ.”

செல்வமணி துண்டால் மூக்கைத் துடைத்தார். “ரொம்பப் பிடிச்சுதுன்னு சொல்லிரும்மா.”

ஜஸீமாவுக்குப் பொய் வரவில்லை. “இந்த ரீலை அவங்க இன்னும் பார்க்கல, மேடம்” என்று டெல்மாவிடம் சொன்னாள்.