பூட்டில்லாத பை

தையல்காரியின் கணவருக்கு ஒரே தங்கை. வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் பூட்டு. கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா இல்லையா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ரகம். நர்ஸ் படிப்பை முடித்திருந்த அவளுக்கு, ரயிலில் எட்டு மணி நேரம் தள்ளியிருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அசல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும் என்று கடிதம் வந்த நாளிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“அண்ணி, ரயில்ல சர்டிபிகேட் போச்சுன்னா மூணு வருஷப் படிப்பும் அதோட போச்சு. நீங்களும் கூட வாங்க.”

தையல்காரி ஒரு தட்டையான உறை தைத்து, நாடா வைத்து, சட்டைக்கு உள்ளே வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளக் கொடுத்தாள். அது போதவில்லை பூட்டுக்கு. பெட்டிக்கு இரண்டு பூட்டு, பெட்டியை இருக்கைக் காலோடு கட்ட ஒரு சங்கிலி, சங்கிலிக்கு இரண்டு பூட்டு. பெட்டிக்குள் இருந்ததோ நாலு உடுப்பும் ஒரு ஜோடி செருப்பும்.

தையல்காரி தன் துணிப்பையை எதிர்ப்பக்க மேல்தட்டில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். அவளே தைத்த பை. பக்கவாட்டில் சிறிய ஓர் அறை, அதற்கு ஒரு ஜிப். அந்த ஜிப் கடைசி ஓர் அங்குலத்தில் சிக்கிக்கொள்ளும். ஊராருக்கெல்லாம் ஜிப் மாற்றித் தருகிறவளுக்குத் தன் பைக்கு மாற்ற நேரம் வாய்க்கவில்லை. அந்த ஓர் அங்குலத்தைத் திறந்தபடியே விட்டுவிடுவது அவள் வழக்கம்.

எதிரே சாம்பல்நிறச் சால்வை போர்த்திய ஓர் அம்மாள். ஐம்பதுக்கு மேல் இருக்கும். நிமிர்ந்த முதுகு, நிதானமான பேச்சு. பார்த்தால் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை என்று சொல்லலாம். அவர் பக்கத்தில் பருத்த ஆள் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். நடைபாதைக்கு அந்தப்பக்கம் கடிகாரம் பழுது பார்க்கிறவர். கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டியிருந்தார். ஒரு வாடிக்கையாளரின் பழைய கைக்கடிகாரத்தைச் சரிசெய்து, நேரில் ஒப்படைக்கப் போவதாக ஏறிய உடனேயே எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

“யாராலயும் முடியாதுன்னு கைவிட்ட கடிகாரம். நாலு மாசம் உக்காந்து ஓட வெச்சேன்” என்றார். பூட்டு அண்ணியின் காதில், “இதையெல்லாம் இப்படியா தண்டோரா போடுவாங்க?” என்றாள்.

முற்பகலில் ஒரு பெரிய நிலையத்தில் வண்டி பத்து நிமிடம் நின்றது. தையல்காரி தண்ணீர் பிடிக்க இறங்கினாள். கடிகாரக்காரர் டீ குடிக்க இறங்கினார். பூட்டு மட்டும் பெட்டியின் மேல் இரண்டு கால்களையும் வைத்துக்கொண்டு, சங்கிலியைப் பார்த்தபடி காவல் இருந்தாள்.

வண்டி கிளம்பிக் கால்மணி நேரம் ஆகியிருக்கும். கடிகாரக்காரர் கோட்டுக்குள் கையை விட்டார். இன்னொரு பையில் விட்டார். பிறகு கோட்டையே உதறினார்.

“காணோமே! தோல்பையோட காணோமே!” அவர் முகத்தில் ஈயாடவில்லை. “என்னோடதா இருந்தா தொலையுது. இது அடுத்தவங்க பொருளாச்சே!”

டிக்கெட் பரிசோதகர் வந்தார். ஜலதோஷத்தில் மூக்கு சிவந்த பெண். அடுத்த பெரிய நிலையத்தில் போலீஸ் ஏறும், இந்தப் பெட்டியில் எல்லோர் பையையும் சோதிக்கும் என்று சொல்லிவிட்டுத் தும்மினார்.

“நல்லா தேடட்டும், மடியில கனமில்லாதவங்களுக்கு என்ன பயம்?” என்றார் சால்வை அம்மாள்.

தையல்காரி தற்செயலாக அண்ணாந்து பார்த்தாள். தன் பையின் ஜிப் முழுக்க மூடியிருந்தது.

முதலில் அவளுக்குப் பயம் வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது. தைத்த நாளிலிருந்து என்னிடம் அடம்பிடிக்கிற ஜிப் யாருக்கு மசிந்தது? எழுந்து, பையை நகர்த்துகிற சாக்கில் பக்கத்து அறையை வெளியிலிருந்தே அழுத்திப் பார்த்தாள். உருண்டையாக, கெட்டியாக ஏதோ ஒன்று. அவள் வைத்ததல்ல.

பூட்டை முகம் கழுவக் கூப்பிடுவதுபோல் கதவுப்பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னாள்.

“ஜன்னல் வழியா தூக்கி எறிஞ்சிடுங்க அண்ணி! நம்ம பையில அகப்பட்டா நாமதான் திருடிங்க. போலீஸ் கேஸ் ஆனா எனக்கு எந்த ஆஸ்பத்திரியில வேலை குடுப்பாங்க?”

“எறிஞ்சா அந்த மனுஷன் கடிகாரம் போச்சே. அதோட, வெச்சது யாருன்னும் தெரியாமலே போயிடும்.”

“தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?”

“எனக்குத் தெரியணும்” என்றாள் தையல்காரி.

டிக்கெட் பரிசோதகர் கதவோரத்து இருக்கையில் இருந்தார். தையல்காரி சொன்னதை முழுதும் கேட்டுவிட்டுக் கைக்குட்டையை மடித்தார்.

“நீங்களே எடுத்துட்டு, போலீஸ் வருதுன்னதும் கதை கட்டலன்னு நான் எப்படி நம்புறது?”

“நம்ப வேணாம்மா. இப்பவே எடுத்துக் குடுக்குறேன். ஆனா எடுத்துட்டா, வெச்சவங்க கமுக்கமா உக்காந்துக்குவாங்க.”

பரிசோதகர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நடுவுல ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்கு. ரெண்டு நிமிஷம் நிக்கும். எடுத்த ஆளு அங்கதான் இறங்கப் பாக்கும். அதுவரைக்கும் பை உங்க கண்ணுல இருக்கட்டும். நான் கதவுகிட்ட நிக்குறேன்.”

கண் மட்டும் போதாது என்று தையல்காரிக்குத் தோன்றியது. இத்தனை பேர் இருந்த இடத்தில் கோட்டுக்குள்ளிருந்து உருவிய கைக்கு இதை உருவுவது பெரிய காரியமா? இடத்துக்குத் திரும்பி, பையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து அறையைத் தொடவே இல்லை. ரொட்டியும் பழமும் எடுத்துப் பூட்டிடம் கொடுத்தாள். “உள்துணி பிரிஞ்சிருக்கு” என்று சொல்லிக்கொண்டே ஊசியில் கெட்டி நூலைக் கோத்தாள். பையின் உள்ளே கைவிட்டு, துணிக்கு அந்தப்பக்கம் இருந்த தோல்பையின் சுருக்குக் கயிற்றை விரலால் தடவிக் கண்டுபிடித்தாள். அந்தக் கயிற்றையும் துணியையும் சேர்த்து இழுத்துத் தைத்தாள். ஆறு தையல், மேலே ஒரு முடிச்சு. பையைப் பழையபடி மேல்தட்டில் வைத்தாள்.

“கை எவ்வளவு வேகமா ஓடுது உங்களுக்கு!” என்றார் சால்வை அம்மாள். உண்மையான வியப்பு அந்தக் குரலில்.

“வயித்துப்பாட்டுக்குப் பழகினதும்மா.”

“நானும் ஒரு காலத்துல நல்லா எம்பிராய்டரி போடுவேன்.”

இருவரும் நூலைப் பற்றியும் பட்டுத்துணியில் ஊசி வழுக்குவதைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார்கள். தையல்காரிக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. பூட்டின் சந்தேகமெல்லாம் தூங்குகிறவர் மேல்.

“இவ்வளவு கலாட்டாவுல ஒருத்தர் முழிக்காம இருப்பாரா அண்ணி? பாசாங்கு” என்று முணுமுணுத்தாள்.

வண்டி வேகம் குறைந்தது. சின்ன நிலையம். சால்வை அம்மாள் எழுந்தார். “காத்து வாங்கிட்டு வரேன்” என்று, மேல்தட்டில் துணிப்பைக்கு அடுத்திருந்த தன் கைப்பையை எட்டி எடுத்தார். சால்வை நழுவி இரண்டு பைகளையும் மூடியது. இந்த அம்மாவாக இருக்கக் கூடாது என்று நினைத்ததும் தையல்காரிதான், கண்ணை எடுக்காமல் பார்த்ததும் அவள்தான்.

சால்வைக்கு அடியில் ஒரு சின்ன அசைவு. அந்த அம்மாளின் நெற்றி சுருங்கியது. மறுபடி இழுத்தார். வரவில்லை. வண்டி நின்றது. வெடுக்கென்று இழுத்தார்.

ஆறு தையலில் ஒன்றுகூட விடவில்லை. பை முழுசாகப் பெயர்ந்து, தூங்கியவரின் மடியில் தொப்பென்று விழுந்தது. “ஐயோ, என்ன இது!” என்று அவர் அலறி எழுந்தார். நிஜமாகவே தூங்கியிருக்கிறார். சால்வை அம்மாளின் விரல்கள் பக்கத்து அறைக்குள் கயிற்றில் மாட்டியிருந்தன.

பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தது பூட்டு. என்ன பிடி! மூன்று வருடம் நோயாளிகளைப் பிடித்துப் பழகிய பிடி. “நாடி நூத்தி இருபதைத் தாண்டுது” என்றாள் தன்னையறியாமல். பரிசோதகர் வந்து சேரும்வரை விடவில்லை.

தையல்காரி நூலை வெட்டித் தோல்பையைக் கொடுத்தாள். கடிகாரக்காரர் கடிகாரத்தைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தையல்காரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

வண்டி மெல்ல நகர்ந்தபோது தையல்காரி வெளியே பார்த்தாள். நடைமேடையில் ஒருவர் சைக்கிளைப் பிடித்தபடி நின்று, ஒவ்வொரு ஜன்னலாகத் தேடிக்கொண்டிருந்தார். சாதுவான முகம். கடைசிப் பெட்டி தாண்டியும் அவர் நகரவில்லை.

அடுத்த நிலையம் வர முக்கால் மணி நேரம் ஆகும். கதவோரத்தில் பரிசோதகருக்குப் பக்கத்தில் அந்த அம்மாளை உட்கார வைத்திருந்தார்கள். தையல்காரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து போய் எதிரே நின்றாள்.

“அந்த ஜிப்பை எப்படி மூடுனீங்க? எனக்கே வராதே.”

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார் போல. கைப்பையிலிருந்து காய்ந்த சோப்புத் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். “பல்லுல ரெண்டு தடவை தேய்ச்சா வழுக்கிட்டுப் போகும். திறந்து கிடந்தா பொருள் வெளிய தெரியுமேன்னு மூடினேன்.”

“எத்தனையோ பை இருந்துச்சே. எங்க பை எதுக்கு?”

“உன்கூட வந்த பொண்ணு நாலு பூட்டு போட்டு, பெட்டி மேலயே கண்ணா இருந்துச்சு. பூட்டில்லாத பை பக்கம் திரும்பக்கூட இல்ல. உங்க பையை யார் நோட்டம் விடுறாங்கன்னும் பாக்கல.” பிறகு, “உள்பக்கமிருந்து தைச்சியா?” என்று கேட்டார்.

“ஆமாம்மா.”

“என் கண்ணு முன்னாடியே” என்றவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா, கலங்கினாரா என்று தையல்காரிக்குத் தெரியவில்லை.

இறங்கியதும் போலீஸ் அறையில் வாக்குமூலம் எழுதினார்கள். சைக்கிள்காரரைப் பற்றியும் தையல்காரி சொன்னாள்.

“கூட்டாளியா?” என்றார் எழுதுகிற அதிகாரி.

“தெரியாதுங்க. யாருக்காகவோ காத்திருந்தாரு. அவங்களுக்காகவான்னும் தெரியாது.”

“அது வாக்குமூலத்துல வராதும்மா” என்று அதிகாரி பேனாவை மூடினார்.

அடுத்த வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை நாலு மணி. பூட்டின் சான்றிதழ்களை வாங்கிப் பார்த்த குமாஸ்தா, “ஏன் இவ்வளவு சூடா இருக்கு?” என்று மட்டும் கேட்டார். மறுநாளே வேலையில் சேரச் சொல்லிவிட்டார்கள்.

விடுதி அறையில் பெட்டியைப் பிரிக்கும்போது பூட்டு கேட்டாள். “அந்தம்மா மேல கோவமே வரலியா அண்ணி உங்களுக்கு?”

“வந்துச்சு. உன் வேலைக்கே உலை வெச்சிருப்பாங்களே” என்றாள் தையல்காரி. பிறகு, உடுப்பை மடித்துக்கொண்டே, “ஆனா அந்த சைக்கிள்காரரு வீட்டுக்குப் போயிருப்பாரா, இன்னும் அங்கயேதான் நிக்கிறாரான்னு நினைச்சுக்கிட்டே இருக்கேன்” என்றாள்.