வெயிலில் மூன்று கிலோ தண்ணீர்

சுதர்ஷினி என்ன வேலை பார்க்கிறாள் என்பது நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஒருவருக்கும் சரியாக விளங்கவில்லை. வடதுருவக் கடலில் மிதக்கும் பனிக்கட்டியின் தடிப்பைக் கணக்குப் பண்ணுகிறேன் என்றால், "அங்க போயா அளக்கிற?" என்று கேட்டார்கள். இல்லை, லயத்து வீட்டில் இருந்தபடிதான் என்றால் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குத் தோட்டத்திலிருந்து வேலை செய்கிறவள் ஊர்ச் சிரிப்புக்குப் பயந்தால் முடியுமா?

சிக்னல்தான் அவளுக்குப் பெரிய தலைவலி. லயத்துக்குள் ஒரு கோடுகூட வராது. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தின் கிழக்கு மூலையில் மட்டும் ஒழுங்காகக் கிடைக்கும். அங்கே உட்கார்ந்துகொள்ளக் கணக்கப்பிள்ளை பெரியதம்பி இடம் கொடுத்திருந்தார், ஒரே ஒரு கட்டளையோடு. "தராசு விசயத்துல நீ தலையிடக் கூடாது."

இரண்டு வருடமாக அவள் தலையிடவில்லை. அதுதான் அவளுக்கு வெட்கம்.

ஏனென்றால் அவள் கண்ணெதிரேதான் ஒவ்வொரு சாக்குக்கும் மூன்று கிலோ வெட்டினார்கள். சாக்கின் எடைக்கும் கொழுந்தில் ஒட்டிய தண்ணீருக்குமாம். மழை கொட்டினாலும் மூன்று, மலை காய்ந்து கிடந்தாலும் மூன்று. அவளுடைய அம்மா அழகம்மாவும் அந்த வரிசையில்தான் நின்றாள்.

இதே வெட்டுத்தான் சுதர்ஷினிக்கு வேலையிலும் எதிரியாக வந்து வாய்த்தது. பனிக்கட்டி கடலுக்கு மேலே எவ்வளவு உயரம் தலைநீட்டுகிறது என்பதை வானில் சுற்றும் செய்மதி ஒளி பாய்ச்சி அளக்கிறது. ஆனால் கட்டியின் மேல் வெண்பனி பெய்து படிந்திருக்கும். அதைக் கழித்த பிறகுதான் முழுத் தடிப்பையும் கணக்கிடலாம். ஒரு விரற்கடை கூடுதலாகக் கழித்தால் போதும், கணக்கில் கட்டி ஆறு விரற்கடை மெலிந்துவிடும். வெண்பனிக்கோ ஒரு பழைய அட்டவணை இருந்தது. பனி பெய்ததோ இல்லையோ, அந்த மாதத்துக்கு அந்த அளவு வெட்டு. சுதர்ஷினி அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு வருடமும் உண்மையில் பெய்த பனியை வைத்து இரண்டு வருடம் பாடுபட்டு ஒரு கணக்கு மாதிரியைக் கட்டினாள். அந்தக் கணக்கில் சில இடங்களில் கட்டி தடித்தது, சில இடங்களில் மெலிந்தது.

அன்று மார்ச் மாத வெயில் மண்டையைப் பிளந்தது. மடுவத்து மூலையில் மடிக்கணினியை முழங்காலில் வைத்துக்கொண்டு அவள் இணையவழிக் கூட்டத்தில் இருந்தாள். குழுத் தலைவர் எரிக், திரையில் தன்மையாகத்தான் பேசினார்.

"உன் எண்கள் ஓரிடத்தில் ஏறுகின்றன, ஓரிடத்தில் இறங்குகின்றன. வாசிப்பவர்கள் குழம்பிவிடுவார்கள். எல்லோரும் அந்த அட்டவணையைத்தான் எடுக்கிறார்கள். நீயும் அதற்கு மாறிவிடு. இல்லாவிட்டால் உன் பகுதியை மே மாத அறிக்கையில் சேர்க்க முடியாது."

இரண்டு வருட உழைப்பு. "சரி" என்று சொல்ல அவள் வாய் திறந்தேவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தராசில் அழகம்மாவின் சாக்கு ஏறியது. நாளின் கடைசி நிறுவை. முழுப்பேர் விழ அவளுக்கு இன்னும் பதினொரு கிலோ வேண்டும். தவறினால் அரைப்பேர்தான், பாதி நாள் வேலை செய்ததாகத்தான் பதிவு. முள் பதின்மூன்றில் நின்றது. பெரியதம்பி பத்து என்று எழுதினார்.

"ஐயா, காலையிலேர்ந்து வெயிலு. எங்கீங்க தண்ணி?" என்றாள் அழகம்மா.

"எல்லாத் தோட்டத்துலயும் இதுதான் வழக்கம். எறக்கு சாக்க."

சுதர்ஷினிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும். கடலில் நடக்கிற அநியாய வெட்டுக்கு இரண்டு வருடம் மல்லுக்கட்டினாள். பெற்றவள் தலையில் விழுந்த வெட்டுக்கு, சிக்னலுக்காக வாயை மூடிக்கொண்டு இருந்தாள். மடிக்கணினியைப் பெட்டிமேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஐயா, வெறுஞ்சாக்க நிறுத்துப் பாருங்க."

"ஒனக்கு என்ன சொல்லியிருக்கேன்? ஒன் கம்ப்யூட்டரத் தூக்கிக்கிட்டு வெளிய போ."

"போறேங்க. நிறுத்தப்புறம் போறேன்."

அழகம்மா மகளை ஒரு தரம் பார்த்தாள். பிறகு கொழுந்தைத் தரையில் விரித்திருந்த படங்கில் கொட்டி, வெறுஞ்சாக்கைத் தராசில் மாட்டினாள். முள் அரைக் கிலோவைத் தாண்டவில்லை. ஒரு கைக் கொழுந்தை அள்ளிக் கணக்கப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தாள். சொட்டு ஈரமில்லை. பின்னால் நின்ற ராக்காயியும் தன் சாக்கைக் கொட்டினாள். அடுத்தவளும் கொட்டினாள்.

பெரியதம்பி லேசுப்பட்ட ஆளா? "மழ நாள்ல அஞ்சு கிலோ தண்ணி இருக்கும். அப்பவும் நான் மூணுதான வெட்டுறேன்? அத யாரும் கேக்கல."

"அப்ப அஞ்சே வெட்டுங்க," என்றாள் அழகம்மா. "அளந்துட்டு வெட்டுங்க."

அவர் வரிசையைப் பார்த்தார். பதினாறு பெண்கள், ஒருத்தியும் நகரவில்லை. பத்தை அடித்துவிட்டுப் பன்னிரண்டரை என்று எழுதினார்.

சுதர்ஷினி திரைக்குத் திரும்பினாள். எரிக் இன்னும் காத்திருந்தார். "என் எண்களை மாற்ற மாட்டேன்," என்றாள். "வேண்டுமானால் என் பகுதியை எடுத்துவிடுங்கள்." மடிக்கணினியை மூடித் தூக்கிக்கொண்டு, சொன்ன சொல்படி வெளியே போனாள்.

மே மாதம் அறிக்கை வந்தது. அவள் பகுதி அதில் இல்லை. அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மடுவத்து மூலைதான் இனி இல்லையே; மறுநாள் நோர்வூட் பஸ் நிற்கிற இடத்தில் சிக்னல் பிடித்து, மொத்தக் கணக்கையும் தன் பெயரில், தோட்டத்து முகவரியோடு, யாரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டாள்.

ஜூனில் மழை பிடித்துக்கொண்டது. எரிக்கிடமிருந்து மின்னஞ்சலும் வந்தது: அட்டவணைக்கு மாறினால் அடுத்த அறிக்கையில் இடம் உண்டு. அதை மனதில் போட்டு உருட்டிக்கொண்டே, அம்மாவுக்குக் குடை கொண்டுபோய் மடுவத்து வாசலில் நின்றாள்.

உள்ளே அழகம்மாவின் சாக்கு தொங்கியது. பெரியதம்பி ஒரு கிலோ கொழுந்தை எடுத்து, துணியில் ஒற்றித் துடைத்து, மறுபடி நிறுத்தார். இப்போதெல்லாம் அப்படித்தான். கணக்குப் போட்டார். சாக்கும் தண்ணீருமாக ஐந்து கிலோ. அழகம்மாவுக்கு அரைப்பேர்.

"என்ன அழகம்மா," அவர் சிரித்தார், "பழைய மூணே தேவலையா? மூணுன்னா இன்னைக்கு முழுப்பேரு."

அழகம்மா தலையில் முக்காடாகப் போட்டிருந்த சாக்கிலிருந்து வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். "அளந்தீங்கல்ல? வெட்டுங்க."

சுதர்ஷினி குடையை அம்மாவிடம் கொடுத்தாள். மழையில் நனைந்தபடியே ஒரு கோடாவது சிக்னல் கிடைக்கும் ரோட்டு வளைவுக்கு நடந்து, எரிக்குக்கு ஒரே சொல்லில் பதில் போட்டாள்.

முடியாது.