ஐந்து வருஷத்துச் சாயம்

வஹிதாவின் இடது கட்டைவிரல் நகம் கறுத்துப்போய் ஒன்றரை மாதம் ஆகிறது. ராகி அரைக்கும்போது எந்திரக்கல் நழுவி நசுக்கியதுதான், வேறொன்றுமில்லை. ஆனால் போன தடவை பெண் பார்க்க வந்தவர்களிடம் அந்தச் சமாதானம் எடுபடவில்லை. பெண்ணுக்கு ரத்தத்திலேயே கோளாறு என்று தருமபுரி முழுக்கத் தமுக்கடித்துவிட்டுப் போனார்கள், பாவிகள். இன்றைக்குக் காரிமங்கலத்திலிருந்து மாப்பிள்ளை கரீமின் தாயார் வருகிறாள். இதுவும் தட்டிப்போனால் அத்தா இடிந்துபோய்விடுவார்.

அக்கா சுல்தானா பெட்டிக்கடியிலிருந்து நகப் பாலிஷ் சீசாவை எடுத்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் அவள் கல்யாணத்துக்கு மச்சான் பெங்களூரிலிருந்து வாங்கி வந்தது. இப்போது நாற்பத்து மூன்று. மூடியைப் பல்லால் கடித்துத்தான் திறக்க முடிந்தது. உள்ளேயிருந்த சிவப்பு, பிசின் மாதிரி நூல் நூலாக இழுத்தது.

"இது கெட்டுப்போச்சுக்கா."

"கெட்டுப்போறதுக்கு இதென்ன மீன் கொழம்பா? கம்முனு கையை நீட்டுடி."

ஒரு நகத்துக்கு மட்டும் பூசினால் சந்தேகம் வரும் என்று பத்துக்கும் பூசினாள். கறுப்பு மறைந்தது. ஆனால் ஊதி ஊதி வாய் வலித்ததுதான் மிச்சம், சாயம் மேலோடுதான் காய்ந்தது.

கரீமின் தாயார் வந்து உட்கார்ந்தாள். வஹிதாவின் கையை ஒரு தரம் பார்த்தாள். அதற்குள் பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னார்கள்.

"வாம்மா, ரெண்டு பேரும் ஒளு செஞ்சு தொழுதுட்டு வந்து பேசலாம்."

வஹிதாவுக்குத் திக்கென்றது. தொழுகைக்கு முன் முகம், கைகால் கழுவும் ஒளுவில் தண்ணீர் நகத்தில் பட வேண்டும். பூச்சுக்கு மேல் எத்தனை குடம் ஊற்றினாலும் ஒளு சேராது. அவசரத்தில் இந்த வீட்டில் ஒருத்திக்குமா அது தோன்றவில்லை?

"அவளுக்கு இன்னிக்குத் தொழுகை இல்லீங்க மாமி," என்று முந்திக்கொண்டாள் சுல்தானா.

நல்ல வழிதான். மாதத்தில் சில நாள் பெண்களுக்குத் தொழுகை கிடையாது. யாரும் துருவிக் கேட்கமாட்டார்கள். ஆனால் வஹிதாவுக்கு அது முடிந்து, தலை முழுகி நாலு நாள்தான் ஆகிறது. ஒரு மாப்பிள்ளைக்காக அல்லாவின் பேரிலேயே பொய்யா?

"இருக்குங்க மாமி," என்றாள். எழுந்து போனாள்.

தண்ணீர்த் தொட்டியருகே உட்கார்ந்து சுரண்டினாள். நல்ல பாலிஷாக இருந்தால் லேசில் போயிருக்காது. இது பழசு, பிடிப்பே இல்லாமல் தோல் தோலாக உரிந்தது. ஒன்பது நகத்திலும் சாயம் வந்துவிட்டது. கட்டைவிரலில் பிடித்து இழுத்ததும் சாயத்தோடு கறுத்த நகமும் முழுசாகக் கழன்று உள்ளங்கையில் விழுந்தது. வலியே இல்லை. உயிரில்லாத நகம். அடியில் அரிசி முனையளவு புது நகம் தெரிந்தது.

நிமிர்ந்தால், கரீமின் தாயார் பக்கத்தில் நிற்கிறாள்.

"வேற என்னம்மா மறைச்சு வெச்சிருக்கீங்க?"

வஹிதா உள்ளங்கையை நீட்டிக் காட்டினாள். "இது ஒண்ணுதாங்க மாமி. எந்திரக்கல்லு விழுந்துடுச்சு. வேற எதுவும் இல்லீங்க."

கரீமின் தாயார் செம்பை எடுத்து அந்த விரலில் தானே மெதுவாகத் தண்ணீர் ஊற்றினாள்.

"நகம் முழுசா மொளைக்க எத்தனை மாசமாகும்?"

"அஞ்சாறு மாசம்னு வைத்தியம் பாத்த ஹக்கீம் சொன்னாருங்க."

"அப்ப அதுக்கப்புறமே நிக்காஹ் வெச்சுக்கலாம். பத்து நகத்துக்கும் மருதாணி வெக்கணுமில்ல."