இளவரசியின் ஃபோல்டர்

மூன்றாவது முறையும் திரையில் அதே மஞ்சள் முக்கோணம் வந்து நின்றது. இடம் போதவில்லை, வர்ச்சுவல் மெஷினைத் தொடங்க முடியவில்லை. குரு மவுஸிலிருந்து கையை எடுத்து பேண்ட்டில் துடைத்துக்கொண்டான். பட்டுப்புடவைக் கரை வரைகிற அந்த மென்பொருள் அரதப் பழசு; புது விண்டோஸில் ஓடவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதற்காக அவன்தான் இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு பழைய கம்ப்யூட்டரை உட்கார வைத்திருந்தான். உள்ளே இருப்பது எழுந்திருக்க ஹார்ட் டிஸ்க்கில் கொஞ்சம் காலியிடம் வேண்டும். அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எது என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் எடுக்கிற கல்யாண வீடியோக்கள். கடைக் கம்ப்யூட்டர் வேகமானது என்று இங்கேயே போட்டு எடிட் செய்துகொண்டிருந்தான். 'பழைய டிரைவர்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டால் யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்?

"என்னாப்பா ஆச்சு? மாகறல் கல்யாணப் பார்ட்டி கெளம்பி வந்துக்கினு இருக்காங்க." முதலாளி வேணுகோபால் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"எடம் பத்தல சார். எதையாவது அழிச்சாத்தான் தொறக்கும்."

"கரையில மட்டும் கை வெச்சிடாத."

அந்தக் கடையில் கரையை அழிக்கிற வழக்கம் கிடையாது. எவளோ ஒரு பெண் முகூர்த்தத்துக்கு உடுத்திய கரை. அதை அழித்தால் அவள் குடும்பத்துக்கு ஆகாது என்பது வேணுகோபாலின் நம்பிக்கை. காகிதத்தில் வரைந்த காலத்திலிருந்து வருகிற நம்பிக்கை, கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டது.

"நம்ம கரை தவிர அதுல வேற என்னா இருக்குது?"

குருவின் வாய் அவனை முந்திக்கொண்டது. "இளவரசி அக்காவோட போட்டோ இருக்குது சார்."

"கடை மிஷின்ல வீட்டு போட்டோவா? தூக்குப்பா மொதல்ல."

இளவரசி அங்கே கரை வரைகிறவள். போன வருஷம் அவள் போன் செத்துப்போனபோது அதிலிருந்து படங்களை மீட்டுக் கொடுத்தவனே குருதான். "இங்கியே இருக்கட்டும்கா, இதான் பத்திரம்" என்று சொன்னதும் அவன்தான். எல்லாம் அவள் புருஷன் சிவபாலனின் படங்கள். தாமல் ஏரி நிரம்பிய வருஷம் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு கரையோரத் தண்ணீரில் நின்று சிரிக்கிற படம் ஒன்று உண்டு. அதற்கடுத்த மழைக்கு அவர் இல்லை. அவளிடம் வேறு பிரதியும் இல்லை.

முதலாளி பார்த்துக்கொண்டே நின்றார். குரு அவள் ஃபோல்டரை ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாதபடி ஒரேயடியாக அழித்தான். அப்போதும் முக்கோணம் வந்தது.

வாசலில் கார் வந்து நின்றதும் வேணுகோபால் வரவேற்க ஓடினார். அவர் தலை மறைந்ததும் குரு பையிலிருந்து தன் போர்ட்டபிள் டிஸ்க்கை எடுத்துச் செருகினான். வீடியோக்களை ஒன்றுவிடாமல் அதற்கு மாற்றினான். பாதியில்தான் அவனுக்கு உறைத்தது. இந்த டிஸ்க் காலையிலிருந்து காலடிப் பையில்தான் கிடந்தது. அவள் படங்களையும் இதில் போட்டிருக்கலாம். முதலாளி எதிரில் இதை எடுத்தால் எதற்கு என்று கேட்பாரே என்று எடுக்கவில்லை. அவ்வளவுதான் காரணம். காறித் துப்பலாம் போலிருந்தது, தன் மேலேயே.

மெஷின் திறந்துகொண்டது.

தறிக்காரர்களிடம் நூல் கொடுத்துவிட்டு வந்த இளவரசி நேராக அவனிடம் வந்தாள். முகம் சிறுத்திருந்தது.

"மொதலாளி சொன்னாரு குரு. என் போட்டோவாலதான் மிஷினே நின்னுட்ச்சாமே. உனக்கு நல்லா பேச்சு வாங்கிக் குடுத்துட்டேன். மனசுல வெச்சிக்காதப்பா." கொஞ்சம் தயங்கினாள். "வேற எங்கனா மாத்தி வெச்சிருப்பல்ல?"

"ம்" என்றான்.

அந்த ஒற்றை எழுத்துக்கு அவள் முகம் தெளிந்ததைப் பார்க்க அவனுக்குக் கூசியது. அவளிடம் வசவு வாங்கியிருந்தால்கூடத் தேவலை.

மாகறல்காரர்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். மயிலுக்குப் பதில் அன்னம் வேண்டும் என்றாள் கல்யாணப்பெண். இளவரசி வரைய ஆரம்பித்தாள். குரு சுவரோரமாக நின்றான். அழித்தது உடனே போய்விடாது; அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை ஹார்ட் டிஸ்க்கிலேயே கிடக்கும். இப்போதே நிறுத்திவிட்டுத் தேடினால் முக்கால்வாசி கிடைக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் வேலை செய்யச் செய்ய வீங்கும். எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கெல்லாம் பரவும். அவள் வரைகிற ஒவ்வொரு அன்னமும் எந்தப் படத்தின் மேல் போய் உட்காருகிறதோ. நிறுத்தச் சொன்னால் ஏன் என்பார்கள். காரணம் சொன்னால் எல்லாம் வெளியே வரும். வேலையும் போகும்.

"நல்லா வந்துட்ச்சுமா" என்றாள் இளவரசி பெண்ணிடம். "சேவ் பண்ணிடட்டா?"

"அக்கா, வேணாம். சேவ் பண்ணாதீங்க."

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். இளவரசியின் விரல் பட்டனுக்கு மேலே அப்படியே நின்றது. வேணுகோபால் அவனைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார். அதன் பக்கவாட்டில், அவன் பிடுங்க மறந்த போர்ட்டபிள் டிஸ்க்கின் நீல விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது.