பிரிக்காத பெட்டி

அவருக்கு டைல்ஸ் பதிக்கும் வேலை. கல்லும் பசை மூட்டையும் ஏற்றி ஏற்றி, அவருடைய பிக்கப் வண்டியின் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் செத்துப் போயிருந்தன. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் வண்டி எகிறும். எகிறிய பிறகு நிற்காமல் ஆடிக்கொண்டே வரும். இந்த வண்டியில் பால் ஏற்றினால் வெண்ணெயாகத்தான் இறக்க முடியும் என்று மனைவி கேலி செய்வாள். புதுசு இரண்டை வாங்கிவந்து, பெட்டியைப் பிரிக்காமல் செருப்பு அலமாரிக்கு மேல் வைத்தார். பட்டறையில் விட்டால் ஒரு நாள் வேலை போய்விடும், ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே மாட்டிவிடலாம் என்றார். மூன்று ஞாயிறு போயிற்று. ஒன்றில் அவசர வேலை, ஒன்றில் மழை. மூன்றாவதில் சும்மா தூங்கிவிட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அது நடந்தது.

மனைவிக்கு ஐந்தாவது மாதம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தங்கிய கரு. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். எப்போதும் பஸ்ஸில்தான் போவாள். அன்று என்னவோ, வண்டியில் கொண்டுபோய் விடச் சொன்னாள். குழாய் பதிக்கத் தெருவெல்லாம் தோண்டிப் போட்டிருந்தார்கள். அவர் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டுதான் போனார். அப்படியும் தபால் நிலையத் திருப்பத்தில் ஒரு பள்ளம் கண்ணில் படாமல் போக, வண்டி தூக்கிப் போட்டது. பத்து நிமிஷத்தில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திருப்பச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெண் குழந்தை.

வண்டி குலுங்கியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, யாரும் எதுவும் செய்து நடந்ததில்லை என்று டாக்டர் இருவரையும் உட்காரவைத்து இரண்டு முறை சொன்னார். அவர் தலையாட்டினார். காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை.

மனைவியின் அக்கா வந்து பத்து நாள் இருந்தாள். சமைத்துப் போட்டாள், துணி துவைத்தாள், தங்கைக்குத் தலை வாரிவிட்டாள். மனசில் விஷமில்லாதவள். ஆனால் ஒருநாள் போனில் யாரிடமோ, "அந்த ஓட்டை வண்டியில ஏத்திட்டுப் போனா வேற என்ன ஆகும்?" என்றாள். அடுப்படியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த அவருக்கு அது தெளிவாகக் கேட்டது. மனைவி படுத்திருந்த அறைக் கதவும் திறந்துதான் கிடந்தது. அவளும் கேட்டிருப்பாள். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்.

அக்கா கிளம்பிப்போன மறுநாள் ஞாயிறு. காலையிலேயே அவர் பெட்டியைப் பிரித்தார்.

முன்சக்கரங்களுக்குக் கட்டை முட்டுக்கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்துச் சக்கரத்தைக் கழற்றினார். கீழ் போல்ட் துருவேறி இறுகிப்போயிருந்தது. எண்ணெய் தெளித்து, சுத்தியலால் தட்டி, ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்த பிறகு அசைந்துகொடுத்தது. பழைய ஷாக் எண்ணெய் ஒழுகி நனைந்திருந்தது. தரையில் நிறுத்தி ஒரு கையால் அழுத்தினார். ஒரு தடையுமில்லாமல் உள்ளே போய் அப்படியே நின்றுவிட்டது. இழுத்துவிட்டு மறுபடி அழுத்தினார். எத்தனை தடவை அழுத்தினார் என்று அவருக்கே தெரியாது.

புதியதை மேலே மாட்டியாயிற்று. கீழ் ஓட்டை ஒரு விரற்கடை தள்ளி நின்றது. அச்சுக்குக் கீழே ஜாக்கியை வைத்துக் கொஞ்சம் உயர்த்தினால் பொருந்திவிடும். ஆனால் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு போல்ட்டைப் பிடித்தால் ஜாக்கிக் கம்பி எட்டவில்லை. இரண்டு ஆள் வேலை அது. என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே கிடந்தார்.

மனைவியின் கால்கள் வந்து பக்கத்தில் நின்றன.

"எவ்வளவு தூக்கணும்?"

"நான் சொல்ற வரைக்கும். கனமா இருக்கும், நீ வேண்டாம்."

அவள் குந்தி உட்கார்ந்து கம்பியை மெதுவாக அழுத்தினாள். ஓட்டைகள் நேருக்கு நேர் வந்ததும் போதும் என்றார். போல்ட் உள்ளே இறங்கியது. நட்டை முடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் பேசினாள்.

"அன்னைக்குக் காலையில எழுந்தப்பவே ரத்தம் பட்டுச்சு. லேசாத்தானே இருக்கு, நின்னுடும்னு நினைச்சேன். பஸ்ல நிக்க பயமா இருந்துச்சு, அதான் வண்டியில விடச் சொன்னேன். பள்ளம் வர்றதுக்கு முன்னாடியே வலி வந்துடுச்சு."

அவர் கையில் ஸ்பேனர் நின்றது.

"அக்கா பேசினது எனக்கும் கேட்டுச்சு. வாயைத் திறக்கல. பழி உங்க மேல இருந்தா என்னால கொஞ்சம் மூச்சு விட முடிஞ்சுது."

ஒரு கணம் அவருக்குக் கோபம் பொங்கிவந்தது. அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தார். கம்பியை இன்னும் விடாமல் பிடித்தபடி, அடி வாங்கக் காத்திருப்பவளைப் போல அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டர்தான் சொன்னாங்களே, யாராலயும் இல்லைன்னு," என்றார்.

"நீங்க நம்பினீங்களா?"

"இல்ல."

"நானும் நம்பல."

அவள் அழுதது இரண்டு வீடு தள்ளிக்கூடக் கேட்டிருக்கும். கையெல்லாம் கிரீஸ் என்பதால் அவர் முழங்கையால் அவளை அணைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவரும் அழுதார்.

மறுபக்கம் முடிய மதியமாயிற்று. போல்ட்டும் வாஷரும் அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் கை கழுவிக்கொண்டிருக்கும்போதே அக்காவுக்குப் போன் போட்டாள். "வண்டியால இல்லக்கா," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கம் அக்கா அழுவது கேட்டது. தன்னை மன்னிக்கச் சொல்லி அவரிடம் சொல்லும்படி கேட்டுக்கொண்டாளாம்.

அவர் கூடத்துப் பாயைச் சுருட்டினார். சாப்பிடத் தோன்றவில்லை இருவருக்கும். அறைக்குள் போய், ஜன்னலைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவள், குழந்தைக்கு மனசுக்குள் வைத்திருந்த பெயரை முதல் தடவையாக அவரிடம் சொன்னாள்.