கண் மூடிய அடுக்கு

பழைய கம்ப்யூட்டர் ஒரு படத்தைத் திறப்பதற்குள் வந்த வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்ற நிலை வந்த பிறகுதான் ஸ்டுடியோவுக்குப் புதியது வந்தது. அப்பா விட்டுப்போன ஸ்டுடியோ அது. கல்லாவும் பிரிண்டரும் அக்காவின் பொறுப்பு. கேமராவும் படங்களைத் திருத்துவதும் தம்பியின் பொறுப்பு. தம்பிக்கும் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் அக்கா அவனை 'டா' போட்டுத்தான் பேசுவாள்.

புதியதற்கு வேகம் அதிகம், வயிறு சின்னது. எல்லாவற்றையும் அதற்குள் திணிக்க முடியாது. தனியாக வாங்கிய டிஸ்க் ஒன்று போன வருஷம் மேஜையிலிருந்து விழுந்து, உள்ளே இருந்த கல்யாணங்களோடு போய்ச் சேர்ந்துவிட்டதால், இன்னொரு டிஸ்க் வாங்கும் யோசனையைத் தம்பி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. முடிந்த படங்கள் மட்டும் போனால் போதும், அடுக்குப் படங்களை விட்டுவிடலாம் என்றான். அடுக்குப் படம் என்பது வேலை நடந்த படம். முகம், பின்சுவர், பூசிய வெளிச்சம் என்று கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததுபோல் இருக்கும். ஒவ்வோர் அடுக்கின் பக்கத்திலும் சின்னதாக ஒரு கண் உண்டு. அதைத் தட்டினால் அந்த அடுக்கு மறையும். மறுபடி தட்டினால் தெரியும்.

மாலையில் பழைய கம்ப்யூட்டரை எடுத்துப்போக ஆள் வருவதாக ஏற்பாடு. அதற்குள் அதில் உள்ளதையெல்லாம் அழித்துத் துடைத்தாக வேண்டும்.

அக்கா சாமியை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பார்க்காமல் அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து, முகம் பார்த்து, வாய்க்குள் ஒரு நல்ல வார்த்தை சொல்லித்தான் விட்டாள். வழுக்கை மாப்பிள்ளை ஒருவருக்குத் தம்பி தாராளமாக முடி நட்டிருந்த படம் வந்தபோது இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அடுத்து மருந்துக்கடைக் குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, இரண்டு பையன்கள். அடுக்குகளில் ஒன்றின் கண் மூடியிருந்தது. அக்கா அதைத் தட்டினாள். அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண் வந்து நின்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அக்காவுக்கு உடனே நினைவு வந்தது. அந்த வீட்டு மகள் அப்பாவோடு சண்டை போட்டு, தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போனபோது, அந்த அம்மா இந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இதைப் பார்க்கும்போதெல்லாம் வீட்டுக்காரர் சாப்பாட்டை விட்டு எழுந்துவிடுகிறார், அவளை எடுத்துவிடுங்கள் என்றாள். மகள் நின்ற இடத்தில் சுவரை வரைந்து, தம்பி வேறு படம் போட்டுக் கொடுத்தான்.

"எடுத்துட்டேன்னுதானேடா அன்னைக்குச் சொன்னே?"

"அழிக்கத்தான் உட்கார்ந்தேன்க்கா. கை வரல. மறைச்சு விட்டுட்டேன்."

முதலில் எடுத்த படம் அந்த டிஸ்கோடு போய்விட்டது, அந்த அம்மா கொண்டுவந்த பிரதியும் அன்றைக்கே கிழிபட்டது. இதையும் அழித்தால் அந்தப் பெண் அப்படிச் சிரித்து நின்றது இனி எங்கும் இருக்காது. ஒரே ஒரு படத்துக்கு இடமா இல்லை, சத்தமில்லாமல் கொண்டுபோய்விடலாம் என்றான் தம்பி. அக்காவுக்கு அது உறுத்தியது. பெற்றவளுக்குத் தெரியாமல் அவள் மகளை ஒளித்துவைக்க நாம் யார்? அழிக்கத்தான் நாம் யார்? கேட்டுவிடுவதே நேர்மை என்று பட்டது. "நீ செஞ்ச வேலைக்கு நான் பேசணும்" என்று முணுமுணுத்தபடியே அந்த அம்மாவுக்குப் போன் போட்டாள்.

கம்ப்யூட்டர் மாற்றுகிறோம் என்று தொடங்கி, மகள் இன்னும் படத்தில் இருக்கிறாள், மறைத்துத்தான் வைத்திருக்கிறோம், என்ன செய்யட்டும் என்று கேட்டாள். அந்தப் பக்கம் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்த அம்மா உள்ளறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எப்படி இருக்கா?" என்றாள், ஏதோ அக்கா இப்போதுதான் அவளைத் தெருவில் பார்த்துவிட்டு வந்ததுபோல.

அக்கா பார்த்துப் பார்த்துச் சொன்னாள். பச்சைச் சட்டை. நெற்றியில் கொஞ்சம் முடி விழுந்திருக்கிறது. சிரிப்பு வாய்க்குள் நிற்கவில்லை. காலர் ஒரு பக்கம் உள்ளே மடிந்திருக்கிறது.

"கண்ணாடியே பார்க்க மாட்டா. நில்லுடின்னு காலரைச் சரிபண்ண நான் திரும்பறதுக்குள்ள உங்க தம்பி எடுத்துட்டாரு."

சொல்லிச் சிரித்த குரல் பாதியில் நின்றுவிட்டது. அக்கா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்காரர் இன்னும் அப்படியேதான் இருக்கிறார், வீட்டில் மாட்ட முடியாது என்றாள் அந்த அம்மா. அழித்துவிட வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும் என்றாள். மத்தியானம் கடை சாத்தும் நேரத்தில் வந்து பார்த்துக்கொள்ளலாமா என்று, யாரிடமோ கடன் கேட்பதுபோல் கேட்டாள். எந்த மத்தியானம் வேண்டுமானாலும் வாருங்கள் என்றாள் அக்கா.

இதற்குள் தம்பி பழக்க தோஷத்தில் அந்தக் காலரைப் பெரிதாக்கி வைத்திருந்தான். மடிப்பை எடுத்துவிடுவது அவனுக்கு ஒரு வேலையே இல்லை. சரிசெய்து வைக்கட்டுமா என்று அவன் சைகை காட்ட, அக்கா அதையும் கேட்டாள்.

"வேணாம்மா," என்றாள் அந்த அம்மா. "அது நான் பண்ண வேண்டியது."

தம்பி மௌஸிலிருந்து கையை எடுத்தான். பிறகு அந்தக் கண்ணைத் திறந்தபடியே விட்டு, படத்தைப் புதியதற்கு அனுப்பினான்.